திக்பாய் எண்ணெய் நகர மக்களின் நினைவுத் தொகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். இந்தியாவின் முதல் எண்ணெய்க் கிணறு இருக்கும் ஊர் என்று பள்ளிப் புவியியல் பாடத்தில் ஒரே வரியில் வந்து போகும் பெயர் திக்பாய். அசாமின் கிழக்குக் கோடியில், தின்சுகியா மாவட்டத்தில், பட்காய் மலையடிவாரக் காடுகளுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவே அந்தச் சிறு நகரம் இருக்கிறது. பணியின் பொருட்டு அங்கே சென்று, சிலர் மூன்று நான்கு ஆண்டுகளும் சிலர் பணிக்காலம் முழுவதுமாக வாழ்ந்து ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அமைத்ததே எங்கள் குழு. அந்நகர மக்களின் நினைவுகளை, அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவாகவும் படத்தொகுப்பாகவும் நூலாகவும் சேர்த்து வைக்கும் பணியைத் தொடங்கியிருக்கிறோம். அதை முடிப்பதற்கு உங்கள் உதவியை நாடி இந்த வேண்டுகோளை எழுதுகிறோம்.

திக்பாய்க்கு முன்பே அப்பகுதியில் எண்ணெய் தேடும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் டிரேக் என்பவர் 1859இல் தோண்டிய கிணறு புகழ்பெற்ற சில ஆண்டுகளுக்குள், 1867இல், மாகூம் அருகே 118 அடி ஆழத்தில் எண்ணெய் தட்டுப்பட்டது. ஆனால் அது தொழிலாக வளரவில்லை. 1881இல் தொடங்கப்பட்ட அசாம் இரயில்வே மற்றும் வர்த்தகக் குழுமம், நிலக்கரியையும் தேயிலையையும் மரத்தையும் வெளியே கொண்டுவருவதற்காகக் காட்டுக்குள் தண்டவாளம் போட்டது. மரம் இழுத்துத் திரும்பிய யானைகளின் கால்களில் எண்ணெய்க் கறை படிந்திருந்ததாகவும், அந்தத் தடத்தைத் தொடர்ந்து சென்றவர்கள் நிலத்திலிருந்து எண்ணெய் கசிவதைக் கண்டதாகவும் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். குழுமத்தின் பொறியாளர் லேக் என்பவரின் மேற்பார்வையில் 1889 செப்டம்பரில் முதல் கிணற்றைத் துளையிடத் தொடங்கினர். 1890 நவம்பரில், 662 அடி ஆழத்தில் அந்தப் பணி முடிந்தது. ஓராண்டுக்கும் மேலாக, மழையும் அட்டையும் காய்ச்சலும் மிகுந்த காட்டில், நீராவி எந்திரத்தின் துணையுடன் செய்த வேலை அது.

துளையிடும் பணியின்போது ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர், "டிக் பாய், டிக்" என்று வேலையாளை ஓயாமல் ஏவிக்கொண்டிருந்தார் என்றும், அதிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அங்கே ஓடும் ஓடையின் பெயரே ஊரின் பெயரானது என்பாரும் உண்டு. எது சரி என்று தீர்ப்புக் கூறுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் அந்தக் கதையைப் பற்றி எங்கள் குழு பலமுறை பேசியிருக்கிறது. ஏவிய பொறியாளரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஏவலைக் கேட்டுத் தோண்டிய பையனுக்குக் கதையில்கூடப் பெயர் கிடையாது. அவன் எந்த ஊர்க்காரன், என்ன கூலி பெற்றான், எண்ணெய் வந்த நாளில் எங்கே நின்றான் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவனுக்குப் பின் வந்து உழைத்தவர்களின் பெயர்களாவது அவ்வாறு அழியாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் பணியின் காரணம்.

எண்ணெய் கிடைத்த இடங்களில் ஒரே இரவில் கூடாரங்களும் சாராயக் கடைகளும் முளைத்து, கிணறு வற்றியதும் ஊரே காலியான கதைகளை உலகெங்கும் கேட்கிறோம். திக்பாய் அவ்வாறு வளரவில்லை. 1899இல் அசாம் ஆயில் கம்பெனி உருவானது. 1901 டிசம்பர் 11ஆம் நாள் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1921இல் நிர்வாகம் பர்மா ஆயில் கம்பெனியின் கைக்கு வந்தது. நிலமும் வீடும் மருத்துவமனையும் குடிநீரும் விளக்கும் பெரும்பாலும் ஒரே கம்பெனியின் பொறுப்பில் இருந்ததால், ஊரின் அமைப்பிலேயே பதவி வரிசை பதிந்துபோனது. குன்றுகளின் மேல் தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய அதிகாரிகளின் பங்களாக்கள், அவற்றுக்குக் கீழே எழுத்தர் குடியிருப்புகள், தாழ்வான இடங்களில் தொழிலாளர் வரிசை வீடுகள் என்று ஒருவர் வீடு இருக்கும் உயரத்தை வைத்தே அவர் வேலையைச் சொல்லிவிட முடிந்தது. அசாமியர், வங்காளியர், நேபாளியர், பீகாரிகள், பஞ்சாபியர் எனப் பல மொழியினர் அந்த வரிசை வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். பண்டிகைகளைச் சேர்ந்து கொண்டாடினார்கள். ஒரே ஆலைச் சங்கொலிக்கு எழுந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் தலைநிமிர்ந்து கேள்வி கேட்ட ஆண்டு 1939. கூலியும் வேலைப் பாதுகாப்பும் கோரி ஏப்ரல் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கோபிநாத் பர்தலோய் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைக்குப் பெரும் சோதனையாக அமைந்த அந்தப் போராட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. போர் மூண்டதும் நிலைமை மாறியது, பலர் வேலையிழந்தார்கள், குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. இந்தப் போராட்டத்தைப் பற்றி அரசு ஆவணங்களிலும் ஆய்வாளர்களின் எழுத்துகளிலும் படிக்கலாம். வேலையிழந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளிடம்தான் கேட்க முடியும்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குழு முதன்முறை திக்பாய் சென்றபோது, அந்த வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற ஒருவரின் மகனைச் சந்தித்தோம். எண்பது வயதைக் கடந்த அவர், தம் தந்தையிடம் கேட்டறிந்தவற்றை மூன்று மணி நேரம் பேசினார். எங்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. கைப்பேசியில் பதிந்ததில் தகரக் கூரைமேல் பெய்த மழையின் ஓசையே பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. மறுமுறை நல்ல கருவியுடன் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம். மறுமுறை செல்வதற்குள் அவர் காலமானார். அன்று நாங்கள் எழுதிக்கொண்ட பதினொரு பக்கக் குறிப்புகள் மட்டுமே எஞ்சியுள்ளன.

போர்க்காலம் திக்பாய்க்குச் செழிப்பையும் துயரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றிய பின், அருகிலுள்ள லிடோவிலிருந்து சீனா நோக்கிப் புதிய சாலை அமைக்கப்பட்டது. அந்தப் போர்முனைக்கு எரிபொருள் தேவைப்பட்டதால், திக்பாய் வயலில் நாளொன்றுக்குச் சுமார் 7,000 பீப்பாய் வரை கச்சா எண்ணெய் எடுக்கப்பட்டது. அந்த வயல் தன் உச்சத்தை எட்டியது அப்போதுதான். ஊரில் இன்றும் பராமரிக்கப்படும் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 200 பேர் துயில்கிறார்கள். ஒவ்வொரு கல்லையும் நின்று படித்தால், எவ்வளவு இளைய வயதினர் எவ்வளவு தொலைவிலிருந்து வந்து அங்கே அடங்கினார்கள் என்பது தெரியும்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1950இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஊர் தாங்கி நின்றது. 1953இல் நகர்கட்டியாவில் பெரிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்டதும் தொழிலின் கவனம் அப்பக்கம் திரும்பியது. 1981 அக்டோபரில் சுத்திகரிப்பும் விற்பனையும் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பொறுப்பாயின. 120 ஆண்டுகளைக் கடந்தும் ஆலை இயங்குகிறது. மெழுகு உற்பத்தி அதன் தனிச்சிறப்பு. முதல் கிணறும் பழைய எந்திரங்களும் ஊரிலுள்ள எண்ணெய் அருங்காட்சியகத்தில் நன்றாகவே பாதுகாக்கப்படுகின்றன. எந்திரங்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அவற்றை இயக்கியவர்களின் பேச்சுக்கும், அவர்கள் வீட்டு அலமாரிகளில் மங்கிக்கொண்டிருக்கும் படங்களுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

நாங்கள் அங்கே வாழ்ந்த நாள்களில், குளிர்காலத்து மாலை நாலரை மணிக்கே இருள் கவிந்துவிடும். தேயிலை மணமும் கச்சா எண்ணெயின் நெடியும் கலந்த ஒரு வாடை துணியில்கூட நிற்கும். வீட்டுக்குப் பின்னால் வாழையைத் தேடி யானை வந்துபோன தடத்தைக் காலையில் பிள்ளைகள் அளந்து பார்ப்பார்கள். மொழி தெரியாமல் வந்திறங்கிய எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடைவீதி அசாமியத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பக்கத்து வீட்டுத் தாய்மார்களே. அவர்களில் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அந்த ஊரின் சோற்றைத் தின்றவர்கள் என்ற முறையில் இந்தப் பணி எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

பணியின் திட்டச் செலவு 9,60,000 ரூபாய். இரண்டு பயணங்களில் அறுபது பேரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வதற்கான பயண, தங்கல், கருவிச் செலவு 3,20,000 ரூபாய். அசாமிய, வங்காள, நேபாள, இந்திப் பேச்சுகளை எழுத்தாக்கித் தமிழில் பெயர்ப்போருக்கு 2,40,000 ரூபாய். இதில் சிக்கனம் பார்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். உழைத்தவர்களைப் பற்றிய நூலுக்கு உழைப்பவர்களிடம் குறைந்த கூலிக்குப் பேரம் பேசுவது தகாது. படங்களையும் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து பாதுகாக்க 1,60,000 ரூபாய். 700 படிகள் அச்சிட 2,40,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் தமக்குள் 2,70,000 ரூபாய் திரட்டியுள்ளோம். இன்னும் 6,90,000 ரூபாய் தேவைப்படுகிறது. ஒலிப்பதிவுகளின் ஒரு முழுப் படி, பேசியவர்களின் சம்மதத்துடன், திக்பாயிலேயே பொதுமக்கள் கேட்கும்படியான இடத்தில் ஒப்படைக்கப்படும்.

எவ்வளவு சிறிய தொகையானாலும் ஏற்றுக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ரசீது தரப்படும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவும் இல்லாததால், அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்பர்களிடமிருந்து பணம் பெற இயலாது. அவர்கள் தம்மிடமுள்ள படங்களையும் நினைவுகளையும் தந்து உதவலாம். பணம் செலுத்தும் விவரங்களை, இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்ப்பித்த உறுப்பினரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்தபின், நவம்பர் மாதத்தில் அடுத்த பயணத்தைத் திட்டமிட்டிருப்பதால், அக்டோபர் இறுதிக்குள் கிடைக்கும் தொகை அந்தப் பயணத்துக்கே பயன்படும்.

படங்கள் அனுப்புவோர் மூலப் படத்தை அனுப்ப வேண்டாம். எங்கள் உறுப்பினர் நேரில் வந்து ஸ்கேன் செய்துகொண்டு படத்தை உங்களிடமே விட்டுச் செல்வார். அதற்குள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, தெரிந்தவரை இடமிருந்து வலமாக, ஒரு தாளில் எழுதிவைத்திருங்கள். ஓரமாக நிற்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்