லூசியின் தலைமுடி நிறம் கிடக்கட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நடிகை லூசில் பால் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஹாலிவுட் நடிகை என்றாலே நம் பத்திரிகைகளில் உதட்டுச் சாயமும் விவாகரத்தும்தான், இந்தம்மாவாவது தப்பிக்கும் என்று ஆசையாகப் படித்தேன், தப்பவில்லை. பாதிக் கட்டுரை தலைக்கு அடித்த சிவப்புச் சாயத்தைப் பற்றி, மீதி 1960-இல் புருஷன் தேசி அர்னாஸை விட்டுப் பிரிந்தது பற்றி. அந்தம்மா லூசியாக நடித்த 'ஐ லவ் லூசி' என்ற டிவி சிரிப்புத் தொடர் ஓடியதே கறுப்பு வெள்ளையில், அதில் முடி என்ன நிறமாக இருந்தால் யாருக்கு என்ன?

அதையும் விட்டுவிடுவேன். கடைசியில் 'கணவரின் நிறுவனத்தில் நடித்துப் புகழ்பெற்றார்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சினிமா ஆராய்ச்சிக்காரி இல்லை. குடியாத்தத்தில் கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருஷம் வேலை பார்த்தவள். வேலையை விட்ட பிறகு அக்கா மகன் செல்போனில் போட்டுக் காட்டினான். 'ஐ லவ் லூசி'யில் 1952-இல் வந்த பகுதி. லூசியும் அவள் தோழி எதெலும் (எதெலாக நடித்தவர் விவியன் வான்ஸ்) மிட்டாய் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்கிறார்கள். பெல்ட்டில் வருகிற சாக்லெட்டைக் காகிதத்தில் சுற்றி வைக்கவேண்டும், ஒன்று தப்பிப் போனாலும் வேலை போச்சு. முதலில் நிதானமாகத்தான் வருகிறது. அப்புறம் வேகம் பிடித்ததும் வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் விடுகிறார்கள். மேற்பார்வை பார்க்கிற பொம்பளை வந்து, பெல்ட் காலியாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, இன்னும் வேகமாக விடச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் லைனில் அப்பருக்கு, அதாவது ஷூவின் மேல்பாகத்துக்கு, சொல்யூஷன் என்கிற பசை தடவி அடுத்த கைக்குத் தள்ளவேண்டும். பக்கத்தில் இருப்பவள் ஒரு தடவை தும்மினால் போதும், எனக்கு முன்னால் நாலு பீஸ் குவிந்துவிடும். ஒரு நாள் அப்படிக் குவிந்ததை டிபன் பையில் ஒளித்து வைத்து, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் எடுத்துத் தடவினேன். டார்கெட் சரியாக வந்துவிட்டதாம், மறுநாள் பெல்ட்டைக் கூட்டிவிட்டார்கள்!

அதிலிருந்து அந்தம்மாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். 'ஐ லவ் லூசி'யை எடுத்த தேசிலு கம்பெனியை 1950-இல் இரண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள், பேரிலேயே பாதி லூசி இருக்கிறது. 1951-இல் சி.பி.எஸ். டிவிக்காரர்கள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக நடித்துக் காட்டச் சொன்னபோது, கலிஃபோர்னியாவை விட்டு வரமாட்டோம், மூன்று கேமரா வைத்து, ஆட்களை உட்காரவைத்து, ஃபிலிமிலேயே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். செலவு கூடுமே என்றதற்குத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, எடுத்த படமெல்லாம் எங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். நம்மூர் சினிமாக்காரர்கள் பாஷையில் சொன்னால் நெகடிவ் உரிமை. ஒரு தடவை ஓடினால் தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்த காலத்தில், திரும்பத் திரும்ப ஓட்டிக் காசு பார்க்கலாம் என்பது அந்த ஒப்பந்தத்தால்தான் தெரியவந்தது. பிறகு அந்த உரிமையை சி.பி.எஸ்ஸுக்கே விற்றார்கள். 1957-இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் இடங்களையே வாங்கிப்போட்டார்கள். 1930-களில் அந்தம்மா மாதிரி எத்தனையோ பேர் சின்னச் சின்ன வேஷத்துக்கு ஒப்பந்தத்தில் இருந்த அதே ஆர்.கே.ஓ.!

கணக்கு வழக்கை அந்நாளில் பெரும்பாலும் தேசிதான் பார்த்தார், மறுக்கவில்லை. ஆனால் 1960 விவாகரத்தை அவ்வளவு விவரமாக எழுதியவர், 1962-இல் தேசியின் பங்கை அந்தம்மாவே விலைகொடுத்து வாங்கித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததை எழுதவேண்டாமா? 'ஸ்டார் டிரெக்', 'மிஷன் இம்பாசிபிள்' என்ற டிவி தொடர்கள் இரண்டும் அந்தம்மா முதலாளியாக இருந்தபோது தேசிலுவில் பிறந்தவை. 1967-இல் கம்பெனியை விற்றபோது விலை சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். மூன்று வயதில் அப்பாவை டைஃபாய்டுக்குப் பறிகொடுத்து, நடிப்புப் பள்ளியில் உனக்கு நடிப்பு வராது என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அது.

இன்னொன்று. அந்தம்மா மாசமாக இருந்ததைக் கதையிலேயே சேர்த்துவிட்டார்கள், ஆனால் 'கர்ப்பம்' என்ற வார்த்தையை மட்டும் டிவியில் சொல்லக்கூடாது என்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் 'முழுகாம இருக்கா' என்கிறோமே, அப்படி அவர்களும் 'எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்' என்று சுற்றிவளைத்தார்கள். 1953 ஜனவரி 19 காலையில் நிஜமாகவே ஆபரேஷன் செய்து பையன் பிறந்தான், அன்று ராத்திரி டிவியிலும் லூசிக்குப் பையன் பிறந்தான். பார்த்தவர்கள் 4 கோடியே 40 லட்சம் பேர், மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்த கூட்டத்தைவிட அதிகம்.

ஆகவே அந்த 'கணவரின் நிறுவனம்' என்பதை மட்டுமாவது வருகிற ஞாயிறு திருத்திப் போடுங்கள். படம் போடுவதாக இருந்தால் அலங்காரம் செய்துகொண்ட படம் வேண்டாம், பெல்ட் முன்னால் வாய் நிறைய சாக்லெட்டோடு முழிக்கிற படத்தைப் போடுங்கள். எங்கள் பழைய லைன்காரிகள் பத்துப் பேராவது கத்தரித்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.