புரட்டாசிக்குள்ள நம்ம ஊரு ஒயர்லெஸ் நெட்வொர்க்குக்கு நாலு பேட்டரி வாங்கணும், கை குடுங்க சொந்தங்களே

ஊர்ல இருக்கவங்க, பொழப்புக்கு வெளிநாடு போன நம்ம புள்ளைங்க எல்லாருக்கும் கமிட்டியோட வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுனத யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஒரு லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் போச்சு. ஓடு பறந்தது, தென்னை சாஞ்சது எல்லாம் பேசி முடிச்சாச்சு, எங்க மனசுல நிக்குறது அதுக்கப்புறம் வந்த நாளுங்கதான். காத்துக்கு அசையாம நின்ன செல்போன் டவருகூட பேட்டரி இறங்குனதும் ஊமையாயிடுச்சு, டீசல் வர்ற ரோடெல்லாம் மரம் கெடக்கு, துபாய்லயும் சிங்கப்பூர்லயும் இருந்த நீங்க அப்பா அம்மா உசுரோட இருக்காங்களான்னு தெரியாம துடிச்சீங்க, இங்க ஒரு பொண்ணுக்கு பிரசவ வலி எடுத்தப்ப ஆம்புலன்ஸ் கூப்பிட வழியில்லாம பைக்ல ஆள் அனுப்புனோம்.

அதனாலதான் சுகாதார நிலையம், புயல் பாதுகாப்பு மையம், மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடம் நாலையும் சேத்து இந்த ஒயர்லெஸ் நெட்வொர்க்க போட்டோம். சர்வர் பள்ளிக்கூட மாடியிலயே இருக்கறதால வெளி இன்டர்நெட் அறுந்தாலும் நாலு எடமும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். ஒலிபெருக்கியும் இதுலயே ஓடுது. 2004 சுனாமியப்ப புதுச்சேரி நல்லவாடுல என்ன நடந்துச்சு, சிங்கப்பூர்லேருந்து அந்த ஊர்ப் பையன் போன் பண்ணி சுனாமி வருதுன்னு சொல்ல, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வச்சுக் குடுத்த, ஒலிபெருக்கி இருந்த அறிவு மையத்து பூட்ட ஒடச்சு மைக்ல கத்துனாங்க, 3,600 பேருக்கு மேல இருந்த ஊருல ஒரு உசுரு போகல.

ஆனா புயல் சுனாமி மாதிரி இல்ல. கரை தொடறதுக்கு முன்னாடியே பாதுகாப்புக்குன்னு கரண்ட நிறுத்திடுவாங்க, அப்புறம் எப்ப வரும்னு சொல்ல முடியாது. இப்ப நம்மகிட்ட இருக்கற பழைய பேட்டரி நாலு மணி நேரம்கூட தாங்கல, உப்புக்காத்துல டெர்மினலெல்லாம் அரிச்சுப் போச்சு. ஒவ்வொரு எடத்துக்கும் 40 வாட் வேணும், சோலார் இருக்குன்னாலும் மேகம் மூடுனா வெயில நம்ப முடியாது, அதனால மூணு நாளைக்கு, அதாவது எடத்துக்கு சுமார் 3 யூனிட் சேத்து வைக்கற லித்தியம் பேட்டரிதான் கணக்குக்கு வருது.

பேட்டரி ஒண்ணு 75,000, நாலுக்கு 3,00,000. ஆன்டெனா கம்பத்துக்கு அடியில கீல் வச்சா புயலுக்கு முன்னாடி படுக்க வச்சுட்டு அடங்குனதும் ரெண்டே பேர் தூக்கி நிறுத்திடலாம், அதுக்கும் சோலார் பலகை கிளாம்புக்கும் 80,000. மொத்தம் 3,80,000, இதுவரைக்கும் சேந்தது 1,45,000. ஏலக்கூடத்துல மீன் விக்கற அக்காங்க தினம் பத்து இருபதுன்னு போட்டதும் அதுல இருக்கு, அத நாங்க பெருசா நெனைக்கிறோம்.

வெளிநாட்டுல இருக்கவங்க வீட்டாளுங்ககிட்ட குடுத்தனுப்புங்க, நூறு ரூபான்னாலும் ரசீது உண்டு, கணக்க கிராம சபையில படிப்போம். பணம் முடியாதவங்க வெல்டிங் வேலைக்கு வாங்க. கம்பத்து வேலை ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிக்கூடத்துல ஆரம்பிக்குது.