கையெழுத்துக்கு அப்புறம்தான் சாவி

சார்செல், பாரீஸ்
தை 5

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். அம்மா, அப்பா, ஆயா, நீ எல்லோரும் நலமா? தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்குப் பொங்கல் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதோடு அம்மா முடித்துவிடுகிறாள். நீ கேட்டதை உட்கார்ந்து எழுதினால்தான் சரிப்படும்.

பி.காம். முடித்த கையோடு வீடு, மனை விற்றுக் கொடுக்கும் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். "புரோக்கர் வேலையா" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நானும் இங்கே இதே வேலையில்தானே இருக்கிறேன், இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

இங்கே இந்தத் தொழிலுக்கு 1970லேயே சட்டம் வந்துவிட்டது. 'கார்த் தே' என்று ஒரு அட்டை. வர்த்தக சபை கொடுக்கும், 3 வருஷம் செல்லும். அது இல்லாதவர் சொந்தமாக ஆபீஸ் போட முடியாது. திரும்பப் புதுப்பிக்க அந்த 3 வருஷத்தில் 42 மணி நேரம் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி இறுதி முடித்து 2 வருஷப் படிப்பில் சேர்கிறார்கள். சில நாள் வகுப்பு, சில நாள் ஆபீஸ். படிக்கும்போதே வயதுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் சம்பளமும் உண்டு. அட்டை இல்லாதவர்கள் அட்டை வைத்திருக்கும் முதலாளியின் கீழ் வேலை பார்க்கலாம். தனி ஏஜென்டாகச் சேர்ந்தால் வணிக நீதிமன்றப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அப்படிப்பட்டவர் வாங்குபவரின் பணத்தைக் கையால் தொடக்கூடாது, விற்பனை ஒப்பந்தமும் எழுதக்கூடாது.

புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் வீட்டைக் காட்டிவிடுவது. விற்பவர் எழுத்தில் கொடுக்கும் அனுமதிக்கு இங்கே 'மாந்தா' என்று பெயர். அதற்கு ஒரு நம்பர் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாந்தா இல்லாமல் நூறு பேரை அழைத்துப்போய்க் காட்டினாலும் ஒரு காசு கமிஷன் கேட்க முடியாது. அதிலும் வீடு அண்ணன் தம்பி, அக்கா தங்கை பேரில் கூட்டாக இருந்தால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர் ஒருவர் "நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதை நம்பி இறங்கினால், கடைசி நாளில் ஒரு தங்கை மாட்டேன் என்பாள், மூன்று மாத உழைப்பு போய்விடும்.

அடுத்தது அளவு. அடுக்குமாடி வீட்டை விற்கும்போது சதுர மீட்டரை எழுதித் தர வேண்டும் என்று 1996 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. கூரை சரிந்த மேல்மாடி அறையை நினைத்துப் பார். தரையை அளந்தால் 20 சதுர மீட்டர். ஆனால் தலைக்கு மேல் 1.80 மீட்டருக்குக் குறைவான இடமெல்லாம் கணக்கில் வராது. சுவரில் அந்த உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, கோடு கூரையைத் தொடும் இடத்திலிருந்து நேர்கீழே தரைக்கு இறக்கி, அதற்கு உட்பட்டதைத்தான் அளக்க வேண்டும். 20 என்று நினைத்தது 13 ஆகிவிடும். சுவர், படிக்கட்டு, கதவு ஜன்னல் குழிவு எல்லாம் கழியும். 40 என்று எழுதிக் கொடுத்து உண்மையில் 37 இருந்தால் குறைவு 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விகிதத்தில் விலையைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம். சான்று தருபவர் வேறு ஆள்தான், ஆனால் விளம்பரத்தில் எண்ணைப் போடுவது நாங்கள்.

குளிருக்கும் சான்று உண்டு. வீட்டுக்கு எவ்வளவு வெப்பச் செலவு ஆகும் என்று ஏ முதல் ஜி வரை எழுத்துப் போடுவார்கள், ஏ நல்லது, ஜி மோசம். 2025 ஜனவரியிலிருந்து ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. அதனால் அப்படிப்பட்ட வீட்டின் விலை இறங்குகிறது, அதை விற்பவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் எங்கள் வேலை.

பணம் வருவது ரொம்ப மெதுவாகத்தான். முதல் ஒப்பந்தம் எழுதியதும் வாங்குபவருக்கு மனம் மாற 10 நாள் அவகாசம். பிறகு வங்கிக் கடனுக்கு 45, 60 நாள். நோத்தேர், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிற சட்ட அதிகாரி, பத்திரம் முடிக்க எப்படியும் 3 மாதம். அதுவரை கமிஷன் கிடையாது. சம்பளத்துக்குச் சேர்ந்தாலும் மாதாமாதம் தருவது பல இடங்களில் முன்பணம்தான், பின்னால் கமிஷனில் கழித்துக்கொள்வார்கள். முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக்குக் கையில் வைத்துக்கொண்டு இறங்குகிறவன்தான் நிற்கிறான். இந்த மாதப் பணத்தை மாசியில் சேர்த்து அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொல். இரண்டு பத்திரம் நோத்தேரிடம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஊரிலும் வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்த 2016ல் ரேரா என்ற சட்டம் வந்தாகிவிட்டது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதியாமல் விற்கக்கூடாது. அதை விற்றுக் கொடுக்கிற ஏஜென்டும் தன் பெயரைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறும். பதிவு எண் இல்லாத ஆபீஸில் சேராதே. சேர்ந்த பிறகு மழைக்காலத்தில் போய் மனையைப் பார். கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனையைச் சித்திரையில் காட்டி விற்பது பாவம்.

மேல்வீட்டு மதாம் தினமும் காலையில் வெளியே எத்தனை டிகிரி என்று எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டுவார். யாரும் கேட்டதில்லை. பொங்கலன்று மைனஸ் 2. விடிய எட்டரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. லா ஷப்பேல் கடையில் வாங்கிய பச்சரிசியும் வெல்லமும் போட்டுக் குக்கர் பாத்திரத்தில் பொங்கல் வைத்தேன். பால் பொங்கும்போது மெதுவாகத்தான் "பொங்கலோ பொங்கல்" சொன்னேன். நம் வாசலில் ஆயா போடும் சத்தம் முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் கேட்குமே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

சரி, முக்கியமான விஷயம். தாத்தா வீட்டுக்குச் சித்தப்பா அட்வான்ஸ் வாங்கப்போவதாகவும், தாத்தா எழுதிக் கொடுத்த பவர் கையில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். தாத்தா போன அன்றே அந்த பவரும் போய்விட்டது. பவரை வைத்து மட்டும் வீடு கைமாறாது என்று 2011லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. சித்தப்பாமேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ போய் 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு எடு. தாய்ப்பத்திரம் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கும். வாரிசுச் சான்றிதழில் இரண்டு அத்தைகள் பேரும் வந்திருக்கிறதா பார். அவர்கள் இல்லாமல் எந்தக் காகிதத்திலும் அப்பா கையெழுத்துப் போடக்கூடாது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, அதற்கப்புறம் நானே சித்தப்பாவிடம் பேசுகிறேன்.

ஆயாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். மேரி அக்கா மாசியில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அவள் திரும்பி வரும்போது கால் கிலோ நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து.

அன்புடன்,
அக்கா