தவக்காலத்துக்குள் இருக்கும் மகிழ்ச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவின் உயிர்ப்பு விழாவுக்கு (ஈஸ்டர்) கிறிஸ்தவர்கள் ஆயத்தமாகும் தவக்காலம் தொடங்கியதும் நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கங்களில் வரும் கட்டுரைகளையும் ஆலயங்களில் கேட்கும் மறையுரைகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நாற்பது நாளும் நோன்பும் ஒறுத்தலும் கண்ணீரும் மட்டுமே என்று ஒருவர் எண்ணிவிடக்கூடும். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்துத்தான் வருகிறேன். ஆயினும் இக்காலத்துக்குள் திருச்சபையே பொதிந்து வைத்திருக்கும் மகிழ்ச்சியைப் பற்றி நாம் பேசாமலே இருந்துவிடுகிறோம் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம், நோன்பிருப்பவர் முகவாட்டமாய் இராமல் தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ள வேண்டும் என்கிறது. அன்று நம் நெற்றியில் பூசப்படும் சாம்பலோ, முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ‘ஓசன்னா’ பாடி நாம் ஏந்திச் சென்ற ஓலைகளை எரித்து எடுத்தது. வீட்டில் இயேசுவின் படத்துக்குப் பின்னால் ஓராண்டு செருகி வைத்திருந்து காய்ந்துபோன ஓலைச் சிலுவைகளைப் பிள்ளைகள் சேகரித்துக் கொண்டுவந்தபோது, “நாம பாட்டுப் பாடிக்கிட்டுப் போன ஓலையா டீச்சர் இது?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் கண்களில் அப்போது தெரிந்த வியப்பை எந்த மறையுரையும் எனக்குத் தந்ததில்லை.

நாள் கணக்கிலும் இந்த மகிழ்ச்சி இருக்கிறது. திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள்கள் வரும். இடையிலுள்ள 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 ஆகும். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் தவக்காலத்திலும் அது நோன்பு நாளாக எண்ணப்படுவதில்லை. அவற்றுள் நான்காம் ஞாயிறோ மகிழ்ச்சியின் ஞாயிறு என்றே அழைக்கப்படுகிறது. எருசலேமோடு சேர்ந்து அகமகிழச் சொல்லும் இறைவாக்கினர் எசாயாவின் வரிகளோடு அன்றைய திருப்பலி தொடங்குகிறது. ஊதா உடைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு உடையை அருள்பணியாளர் அணியலாம். மற்ற வாரங்களில் பூ வைக்காத பீடத்தில் அன்று பூக்கள் வைக்கலாம். நான் அறிந்த பல ஊர்களில் இந்த ஞாயிறு மற்ற ஞாயிறுகளைப் போலவே வந்து போய்விடுகிறது.

முதல் நூற்றாண்டுகளில் இக்காலம், உயிர்ப்பு விழாவின் இரவில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறவிருந்தவர்களை ஆயத்தப்படுத்தும் காலமாக இருந்தது. 387ஆம் ஆண்டு மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் அப்படித் திருமுழுக்குப் பெற்றவர்தான் புனித அகுஸ்தினார். பல ஆண்டுகள் அலைந்து திரிந்த பின் அந்த இரவுக்காகக் காத்திருந்த அவருக்கு இந்நாள்கள் வெறும் துக்க நாள்களாகவா இருந்திருக்கும்? திருமண வீட்டில் பந்தல் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனமே அவருக்கும் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆறு வாரங்களுக்கும் மேலாக, ஆண்டவரைப் புகழுங்கள் எனப் பொருள்படும் ‘அல்லேலூயா’ என்ற சொல்லை வழிபாட்டில் நாம் உச்சரிப்பதில்லை. உயிர்ப்பு விழாவின் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பன்று விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்ட இருளில், கோவிலுக்கு வெளியே மூட்டிய புதுத்தீயிலிருந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டு, ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து அடுத்தவர் மெழுகுவர்த்திக்கு ஒளி பரவி, நீண்ட வாசகங்களுக்குப் பின் அந்தச் சொல் மீண்டும் பாடப்படும்போது என் உடல் இன்றும் சிலிர்க்கிறது. சொல்லாமல் காத்து வைத்திருந்ததால்தான் அதற்கு அந்த இனிமை வந்தது என்பதைப் பிள்ளைகள் நாம் விளக்காமலே புரிந்துகொள்கிறார்கள்.

எனவே பங்குத்தந்தையரிடமும் பெற்றோரிடமும் நான் வேண்டுவது, “இந்தத் தவக்காலத்தில் எதை விட்டாய்?” என்று பிள்ளைகளைக் கேட்கும்போது, “எதற்காகக் காத்திருக்கிறாய்?” என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே. தங்கள் நாளிதழும் நான்காம் ஞாயிறுக்கு முன்னதாக அதன் பொருளை விளக்கி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். அன்று பீடத்துக்கு வேண்டிய பூக்களைத் தங்கள் வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவருவதாக எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி