தெருவைத் தோண்டாமல் பாதாளச் சாக்கடைக் குழாயைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தெருக் குடியிருப்போர்

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: பழுதான கழிவுநீர்க் குழாயைத் தோண்டி மாற்றுவதற்கு முன் கேமரா மூலம் ஆய்வு செய்து, இயன்ற இடங்களில் உட்புறமாகவே புதுப்பிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் சாக்கடைக் குழாயைத் தோண்டுவதற்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். வேலை தொடங்குமுன் இந்த மனுவைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இதே குழாய்க்காக ஏற்கெனவே இரண்டு முறை தெருவை வெட்டியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அடைப்பு தெரிந்த இடத்தில் மட்டும் குழாயை மாற்றி மூடினார்கள். சில மாதங்களில் நாலு வீடு தள்ளி அடுத்த அடைப்பு வந்தது. கடைசியாக மேன்ஹோல் மூடியைத் திறந்தபோது எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய் வாயில் ஈரச் சணல் கற்றைபோல வேர் அடர்ந்து தொங்கியது. அதைக் கம்பியால் இழுத்து அறுத்தார்கள், தண்ணீர் ஓடியது. ஆனால் வேர் நுழைந்த வழி அடைபடவில்லை. குழாய் இணைப்பில் உள்ள மெல்லிய இடுக்கில் கசியும் ஈரத்தைத் தேடித்தான் வேர் வருகிறது. இடுக்கு இருக்கும்வரை அது மறுபடியும் தழைக்கும்.

அடைப்பை விடவும் எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. வறண்ட நாளில் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் அதே விரிசல், மழைக்காலத்தில் நிலத்தடி நீரை உள்ளே இழுக்கிறது. நீரோடு மண்ணும் கரைந்து குழாய்க்குள் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைக்கு அடியில் வெற்றிடம் உருவாகி, ஒரு நாள் மேற்பரப்பு உள்வாங்கும். எங்கள் தெருவில் போன மழைக்குப் பிறகு ஒரு முழ அகலத்துக்குத் தரை இறங்கியது. ஜல்லி கொட்டி மேலே சமன் செய்தார்கள். மண் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

தோண்டாமல் இதைச் சரிசெய்யும் முறை புதிதல்ல. 1971-இல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் பழைய சாக்கடை ஒன்றுக்குள்ளேயே புதிய குழாயை உருவாக்கிக் காட்டினார். பிசினில் ஊறிய கம்பளி போன்ற துணிக்குழாயை மேன்ஹோல் வழியாக இறக்கி, நீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக்கொண்டே செலுத்துவார்கள். அது பழைய குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீர், நீராவி, புற ஊதா ஒளி இவற்றில் ஒன்றால் பிசினை இறுக வைப்பார்கள். பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத ஒரு புதுக் குழாய் நின்றுவிடும். வேருக்கும் மண்ணுக்கும் அங்கே வழியில்லை. உள்விட்டம் சற்றுக் குறைந்தாலும், சுவர் வழுவழுப்பாக இருப்பதால் பெரும்பாலும் ஓட்டம் பாதிக்கப்படுவதில்லை.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நாங்கள் வாதாடவில்லை. முற்றிலும் நொறுங்கி விழுந்த குழாய்க்குள் துணிக்குழாய் போகாது. குழாய் தொய்ந்து நீர் தேங்கும் இடத்தில் இந்தத் துணிக்குழாயை உள்ளே உறையாகப் போட்டாலும் தொய்வு அப்படியே இருக்கும். அங்கே தோண்டத்தான் வேண்டும். எது எங்கே என்பதைச் சுண்ணாம்புக் கோடு சொல்லாது, கேமராதான் சொல்லும். ஆகவே அதிவேக நீர்ப்பீச்சால் குழாயைச் சுத்தம் செய்து, மேன்ஹோலுக்கு மேன்ஹோல் கேமரா ஓட்டி, பழுதின் இடத்தையும் தன்மையையும் பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். ஓரிரு விரிசல் மட்டும் உள்ள பகுதியில் அந்த இடத்துக்கு மட்டும் குட்டை உறை போட்டாலே போதும்.

வேலை நடக்கும்போது இரண்டு விஷயத்தில் கண்டிப்பு காட்ட வேண்டும். உறை இறுகியதும் வீட்டு இணைப்புகளின் வாய் எல்லாம் மூடிப்போகும். உள்ளிருந்தே இயந்திரக் கத்தியால் ஒவ்வொன்றையும் திறப்பார்கள். ஒன்றை மறந்தாலும் அந்த வீட்டுக் கழிவுநீர் குளியலறையிலேயே பொங்கும். எனவே முன்பே இணைப்புகளை எண்ணி எழுதி, பிறகு கேமராவில் சரிபார்க்க வேண்டும். அடுத்தது, சிலவகைப் பிசினிலிருந்து ஸ்டைரீன் என்ற நெடியுள்ள வேதிப்பொருளின் ஆவி வரும். தரை வடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருந்தால் அந்த ஆவி வீட்டுக்குள் ஏறும். முந்தைய நாளே வீடு வீடாகச் சொல்லி, ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி நீர் ஊற்றச் செய்யுங்கள். எங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களும் கைக்குழந்தைகளும் உண்டு.

சுத்தம் செய்யும் எந்தக் கட்டத்திலும் ஒரு மனிதரைக்கூட மேன்ஹோலுக்குள் இறக்க வேண்டாம் என்றும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். சாக்கடைக்குள் தேங்கும் நச்சுவாயு, ஆபத்தை மூக்கு உணர்த்தும் முன்பே உயிரைப் பறிக்கக்கூடியது.

ஆய்வு முடிந்ததும் கேமராப் பதிவை நாங்களும் பார்க்க அனுமதித்து, அதுவரை தோண்டும் பணியை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருக் குடியிருப்போர்