கருப்பை அகற்றும் மருத்துவர்களுக்கு, சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்ணின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகளிர்நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தையலைப் பற்றியும், வலி மாத்திரையைப் பற்றியும், எத்தனை வாரம் பளு தூக்கக் கூடாது என்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறது. இரத்தச் சர்க்கரையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த வரி ஏன் வேண்டும் என்பதை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள்; இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு பல ஆண்டுகளாக வாழ்பவள், கருப்பையோடு இரு சினைப்பைகளும் அகற்றப்பட்டவள்.

அறுவைக்கு முன்னால் நீங்கள் சர்க்கரையைக் கவனிக்காமல் இருப்பதில்லை. புண் ஆறுவதற்கும் தொற்று வராமல் இருப்பதற்கும் அது தேவை என்பதால், அளவு கட்டுக்குள் வரும்வரை அறுவையையே தள்ளிவைக்கிறீர்கள். ஆனால் தையல் ஆறியதும் அந்தக் கவனமும் முடிந்துபோகிறது. சர்க்கரை மருத்துவரோ, வயிற்றிலிருந்து எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று தெரியாமலேயே மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்.

சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமான ஹார்மோன் அன்று என்பது நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸை வெளிவிடாமல் அடக்குவதிலும், தசைகள் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்வதிலும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்கு இந்த ஹார்மோன் சில ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் பிறகே அடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் முன்பே இரு சினைப்பைகளையும் இழந்தவளுக்கோ சில நாள்களுக்குள் வற்றிவிடுகிறது. உடலில் இன்சுலின் எடுபடும் தன்மை குறைவதும், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரத் தொடங்குவதும் இதைத் தொடர்ந்து வரக்கூடியவை. சாப்பாட்டில் எதையும் மாற்றாமலே வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுகிறது என்று ஒரு பெண் சொன்னால், ‘வாயைக் கட்டுங்கள்’ என்று அனுப்பிவைப்பதற்கு முன் அவளுடைய சம்மரியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நியாயம்.

எல்லாருக்கும் ஏறியே தீரும் என்று நான் வாதிடவில்லை. சினைப்பைகள் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் இன்சுலினின் வேலையைச் சற்றுத் தடுக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் சர்க்கரை ஏறுவதைச் சில பெண்கள் காண்பதற்கு அதுவும் ஒரு காரணம். சினைப்பைகள் போனபின் அந்த மாதாந்திர ஏற்றமும் போய்விடுவதால் அவர்களுக்குக் கணக்கு எளிதாகலாம். ஓயாத உதிரப்போக்கால் நாலு அடி நடக்கவும் தெம்பில்லாமல் கிடந்தவள் எழுந்து நடமாடத் தொடங்கினால் சர்க்கரை இறங்கவும் கூடும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் அளந்து பார்க்க ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

‘சினைப்பையை எடுக்கவில்லை, அதனால் ஹார்மோனில் மாற்றம் இருக்காது’ என்று பலருக்கும் உறுதி சொல்லி அனுப்பப்படுகிறது. இது பாதி உண்மை. சினைப்பைக்குப் போகும் இரத்தத்தில் ஒரு பங்கு கருப்பைத் தமனியின் கிளை வழியாகவே போகிறது; அறுவையில் அந்தக் கிளை கட்டப்படுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் அகற்றியவர்களுக்கும் மற்றவர்களைவிட முன்னதாகவே சினைப்பையின் இயக்கம் ஓய்ந்துவிடும் வாய்ப்பு கூடுதல் என்று அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருப்பை இல்லாதவளுக்கு மாதவிடாய் நின்றதை வைத்து இதைத் தானாக அறிய வழியும் இல்லை. உடல் தகிப்பும் தூக்கமின்மையும், சிலருக்கு ஏறும் சர்க்கரையும் அவளுக்கு அடையாளமாகலாம். கருப்பை அகற்றிய பெண்களிடையே பிற்காலத்தில் சர்க்கரை நோய் சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்பதையும் நான் படித்திருக்கிறேன். ஆனால் உடல் பருமன் போன்றவை அறுவைக்கும் சர்க்கரைக்கும் ஒருசேரக் காரணமாக இருக்கக்கூடும் என்பதால் பழி முழுவதையும் அறுவையின் மேல் போட மாட்டேன்.

முதல் சில வாரங்களின் கதை வேறு. எந்தப் பெரிய அறுவையும் கார்டிசால், அட்ரினலின் என்ற நெருக்கடிகால ஹார்மோன்களை உயர்த்திச் சர்க்கரையை ஏற்றும். குமட்டலைத் தடுக்க மயக்க மருத்துவர் போடும் டெக்சாமெத்தசோன் ஊசியும் ஓரிரு நாள் ஏற்றும். படுக்கையில் கிடக்கும் தசை குளுக்கோஸைக் குறைவாகவே செலவிடும். இவை தணியக்கூடியவை. ஹார்மோன் இழப்பால் மெல்ல வரும் மாற்றத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், ‘அறுவை செய்த உடம்பு, சரியாகிவிடும்’ என்ற ஆறுதலிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

நான் அதிகம் வருந்துவது ஹெச்பிஏ1சி சோதனையைப் பற்றித்தான். ஃபைப்ராய்டு கட்டியாலோ அதிக உதிரப்போக்காலோ கருப்பையை இழக்கும் பெண்களில் பலர் இரத்தசோகையோடுதான் அறுவைக்கு வருகிறார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலத்தில் அதில் ஒட்டிய குளுக்கோஸைத்தான் இந்தச் சோதனை ‘மூன்று மாத சராசரி’ என்று காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். அறுவையை ஒட்டி இரத்தம் ஏற்றினாலோ, இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் புதுச் சிவப்பணுக்கள் பெருகினாலோ, அதே எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். என்னுடைய சோதனைத் தாளில் எண் முன்னைவிட நன்றாக இறங்கியிருந்தது; பாராட்டும் கிடைத்தது, மாத்திரையும் குறைக்கப்பட்டது. அந்த நாள்களிலெல்லாம் வீட்டுக் குளுக்கோமீட்டர் காலையில் 180க்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. இரும்புச்சத்து ஊசி போட்டுக்கொண்டதைச் சர்க்கரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் நிலைபெறும்வரை விரல் நுனியில் அளக்கும் அளவுகளையே நம்பச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

அடுத்தது இரவு வியர்வை. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க, ரவிக்கை நனைய எழுந்து உட்காரும் பெண்ணுக்கு அது ஈஸ்ட்ரோஜன் வற்றியதால் வந்த தகிப்பா, சர்க்கரை இறங்கியதால் வந்த வியர்வையா என்று அந்த நேரத்தில் தெரியாது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவளுக்கு இந்த ஐயம் ஒவ்வோர் இரவும் வரும். பயத்தில் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் காலையில் அளவு எகிறி நிற்கும். அதைவிட ஆபத்தானது மறுபக்கம்: ‘மாதவிடாய் நின்ற தகிப்புதான்’ என்று போர்வையை விலக்கிவிட்டுப் படுத்துவிட்டால், உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கும் சர்க்கரையை யாரும் கவனிக்க மாட்டார்கள். குளுக்கோமீட்டர் 70க்குக் கீழ் காட்டினால் உடனே 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ எடுத்துக் கால்மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். 70க்கு மேல் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் தகிப்பாகவே இருக்கும். கருவியைத் தேடும் நிலையில் இல்லை என்றால் இனிப்பை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. வார்டை விட்டு அனுப்பும்போது செவிலியர் சொல்லிவிடக்கூடிய செய்தி இது.

ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையைப் பற்றி அளவாகவே பேசுகிறேன். அமெரிக்காவில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் ஒரு பகுதியில், கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஈஸ்ட்ரோஜன் பெற்றவர்களில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் ஓரளவு குறைவு. ஆனால் பக்கவாதம் கூடியதால் 2004இல் அந்தச் சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஆகவே சர்க்கரையைத் தடுப்பதற்கென்றே இதைத் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் 45 வயதுக்கு முன்பே இரு சினைப்பைகளையும் இழந்தவளுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் தரலாம் என்பது உங்கள் துறையே ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல். ‘உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, வேண்டாம்’ என்ற ஒற்றை வரியோடு அந்தப் பேச்சை முடித்துவிடாதீர்கள். இரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டைக்கும் ஜெல்லுக்கும் குறைவு என்பதும் எங்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. சினைப்பைகள் இரண்டும் எடுக்கப்பட்டனவா, ஒன்று மட்டுமா, இரண்டும் விடப்பட்டனவா என்பதைச் சம்மரியின் முதல் பக்கத்திலேயே எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதி, அதன் நகலைச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆறாவது வார மறுபரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை சர்க்கரை இல்லாதவர்களிலும், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவர்கள், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள், வெறும் வயிற்று அளவு 100க்கும் 125க்கும் இடையே நிற்பவர்கள் ஆகியோரை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். ‘தேவைப்பட்டால் சினைப்பைகளும்’ என்ற வரிக்குக் கீழே, பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய இரவில், எங்களிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. புற்றுநோயோ, குடும்பத்தில் அதற்கான மரபுவழி அபாயமோ இருக்கும்போது அந்த முடிவில் எனக்கு மறுப்பில்லை. அப்படி எதுவும் இல்லாமல், மாதவிடாய் இன்னும் நிற்காத ஒரு பெண்ணின் நல்ல நிலையிலுள்ள சினைப்பைகளை ‘இருந்தும் என்ன பயன்’ என்று எடுப்பதாக இருந்தால், அது அவளுடைய சர்க்கரையையும் எலும்பையும் இதயத்தையும் என்ன செய்யக்கூடும் என்பதை, யோசிக்க நேரம் இருக்கும்போதே, அறுவைக்குத் தேதி குறிக்கும் நாளில் அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிகிச்சையால் உதிரப்போக்கிலிருந்து விடுபட்ட, நன்றியுள்ள ஒரு நோயாளி