வகுப்பாசிரியை கேட்ட கேள்வி

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. "பி.எட். படிக்கிறீங்க, உங்க பையனே கணக்குல இப்படியா?" என்று பெற்றோர் கூட்டத்தில் அவன் வகுப்பாசிரியை எல்லார் முன்னாலும் கேட்டது தப்புதான். பொறுத்துப் போ என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை போகும்போது அவன் கணக்கு நோட்டோடு போ.

நீ எழுதியனுப்பிய இரண்டு கணக்கையும் பார்த்தேன். 52-இல் 27 போக 35, 84-இல் 29 போக 65 என்று போட்டிருக்கிறான். கவனமில்லாத பிள்ளையின் தவறு இடத்துக்கு இடம் மாறும். இவனுக்கு மாறவில்லை. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாததால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறான். கடன் வாங்குவது இன்னும் புரியவில்லை, அவ்வளவுதான்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, 27 குச்சி எடுக்கச் சொல். ஏழு உதிரி இல்லாததால் தானாகவே ஒரு கட்டை அவிழ்ப்பான். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. அவிழ்த்த பிறகுதான் நோட்டில் 5-ஐ அடித்து 4 போட வேண்டும். முதலிலேயே அடிக்கச் சொன்னால் ஏன் அடிக்கிறோம் என்று தெரியாமலே அடிப்பான். ஆசிரியையிடமும் "எந்தப் படியில் தடுமாறுகிறான்?" என்றே கேள். அதற்கு அவர் நோட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

உன் பி.எட். வகுப்பில், ஒரு திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலிலும் இதே நியாயம்தான்: எந்தப் படி என்று குறிப்பாகப் பார்க்க வேண்டும். கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டம் 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறு பின்னூட்டம் 6, ஆக 36. பலர் பாடத்தைத் தொடங்கும் திறனையும் கேள்வி கேட்கும் திறனையும் ஒரே ஆறு நிமிடத்தில் திணித்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரே திறன் போதும். கேள்வியைக் கேள், மூன்று நொடி பொறு, அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடு. பெயரை முதலில் சொன்னால் மற்ற பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். பார்வையாளராக உட்காரும் தோழியிடம், எத்தனை கேள்விக்கு 'ஆமா, இல்ல' என்ற பதிலே வந்தது என்று கோடு போட்டு எண்ணச் சொல். "நல்லா இருந்துச்சு" என்ற பின்னூட்டத்தை வைத்து எதையும் திருத்த முடியாது.

சின்னவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க உங்கள் இருவரையும் நேர்காணலுக்கு அழைத்ததாக எழுதியிருந்தாய். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 பிள்ளையையோ பெற்றோரையோ அப்படி வடிகட்டுவதைத் தடுக்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்து ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதை முதலில் விசாரித்துக்கொள்.

இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி வரும். வீட்டுக்குப் பக்கம் என்று பையன் படிக்கும் பள்ளியைக் கேட்டுவிடாதே. அவன் ஆசிரியையே உன் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடும் நிலை வந்தால், அவனுக்காக நீ வாய் திறந்து எதுவும் கேட்க முடியாது. அந்தப் பள்ளி வேண்டாம் என்று, கல்லூரியில் பள்ளிப் பட்டியல் போடுவதற்கு முன்பே சொல்லி வை.

அன்புடன்,
கலா